தேர்வு எழுதும் ஊர் – 11: ஒப்பந்தத்தில் ஏறிய பிரவே

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-ல் தமிழ்நாட்டுப் பாடத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் ஐ.டி.ஐ. என்று சொல்லியிருந்தேன். அங்கே போகும் வழியில் 1956-ம் ஆண்டுக் காகிதம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1954 அக்டோபர் 18-ல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் கீழூரில் வாக்கெடுப்பு. வாக்களித்த மக்கள் பிரதிநிதிகள் மொத்தம் 178 பேர். இந்தியாவோடு இணைய 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் இந்தியாவும் பிரான்சும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. பள்ளிப் பாடநூலில் இருக்கும் கதை இதோடு முடிந்துவிடும். ஒப்பந்தத்தை உள்ளே பிரித்துப் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

நிலம், கடன், குடியுரிமை, ஓய்வூதியம் என்று போகிற அந்த ஆவணம், பள்ளிச் சான்றிதழ்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பக்கலோரேயா, பிரவே எலமாந்தேர், முதல் சுற்றுப் படிப்புக்கான பிரவே ஆகிய மூன்றையும் மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் இந்தியப் பட்டங்களுக்கு நிகராக ஏற்க வேண்டும். எது எதற்கு நிகர் என்பதை இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த கல்விக் குழு பரிந்துரைக்கும். புதுச்சேரியில் கொடுத்த சட்ட, மருத்துவப் பட்டங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு அரசுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதும்போது, பதினைந்து வயதுப் பையன் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கும் காகிதத்துக்கு நாளை என்ன மதிப்பு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொரு வரி உண்டு. அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், 1954 நவம்பர் 1-ல் இருந்த பாடத்திட்டத்திலும் முறையிலுமே படிப்பை முடிக்கலாம். இடைக்காலத்தில் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கும். நாடே மாறுகிறது, பாதி வழியில் நிற்கும் பிள்ளையை மட்டும் இழுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கல்லூரி இருந்த இடத்திலேயே தொடரவும் ஒப்பந்தம் வழி செய்தது. பெயரில் கல்லூரி என்றாலும், 1826-ல் தொடங்கிய அந்தப் பள்ளியில்தான் இன்றும் மாணவர்கள் பக்கலோரேயாவுக்குப் படிக்கிறார்கள்.

முற்றிலும் உள்ளூர்த் தன்மையுள்ள சான்றிதழ்களுக்கு மட்டும் வழக்கமான முறைப்படி அங்கீகாரம் என்று ஒரே வரி. இந்த வரி மனதை உறுத்துகிறது. பிரெஞ்சு ஆட்சியில் தமிழுக்கென்றே தனி பிரவே தேர்வு இருந்தது. அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியர்கள் ஒரு தலைமுறையையே வளர்த்தார்கள். கலவே கல்லூரியில் படித்த கனக சுப்புரத்தினம் 1909-ல், பதினெட்டு வயதில், காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். பிரெஞ்சு அரசின் சம்பளத்தில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து 1946-ல் ஓய்வு பெற்றார். பாரதிதாசன் என்று உலகம் அறிந்த அவர், இணைப்புக்குப் பின் புதுச்சேரி சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். பக்கலோரேயாவுக்கு ஒப்பந்தத்தில் பெயரோடு இடம் கிடைத்தது; தமிழ் படித்துத் தேறிய சான்றிதழ் 'வழக்கமான முறை'யில் அடங்கிப்போனது.

இனி 2023-க்கு வருவோம்.

புதுச்சேரிக்கென்று பள்ளித் தேர்வு வாரியம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வாரியத்தில், மாகே கேரளத்தில், ஏனாம் ஆந்திரத்தில் இருந்தன. ஒரே முதலமைச்சர், ஒரே கல்வித்துறை, மூன்று மாநிலத்து வினாத்தாள். 2014-15-ல் தொடக்க வகுப்புகளுக்கு சி.பி.எஸ்.இ. பாடத்தைக் கொண்டுவந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பழையபடி மாநிலப் பாடம்தான். 2023-24-ல் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றாம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அடுத்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும்.

இந்த ஆண்டுகளை ஒரு பிள்ளையின் வயதோடு வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 2015-ல் புதுச்சேரி அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த குழந்தைக்கு ஐந்தாவது வரை சி.பி.எஸ்.இ. பாடம். 2020-ல் ஆறாம் வகுப்பு. பாடம் தமிழ்நாட்டுக்கு மாறியது. அது கொரோனா ஆண்டு; ஆண்டின் பெரும்பகுதி புதிய பாடத்தை நடத்த வகுப்பறையே திறந்திருக்கவில்லை. பாடம் கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. கைபேசி இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. எட்டாம் வகுப்பு முடிந்து 2023-ல் ஒன்பதாவதுக்கு வந்தால், மறுபடியும் சி.பி.எஸ்.இ. அந்தக் குழந்தைதான் 2025-ல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய முதல் அணி. ஒன்பதே ஆண்டில் இரண்டு முறை பாடம் மாறியிருக்கிறது, நடுவில் ஒரு பெருந்தொற்று. பழைய முறையிலேயே முடித்துக்கொள்கிறாயா என்று கேட்க 1956-ல் ஆள் இருந்தது. 2023-ல் அந்தச் சலுகை, ஏற்கெனவே பத்திலும் பன்னிரண்டிலும் இருந்தவர்களோடு நின்றுவிட்டது. ஒன்பதாவதில் இருந்த பிள்ளைக்கும் அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

மாற்றத்துக்கு அரசு சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. நீட் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியே வருகின்றன. ஒரு காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு சென்டாக் சேர்க்கைக் கலந்தாய்வுக்குப் போனால் மருத்துவ இடம் கிடைத்தது. இப்போது நீட் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-ல் வந்தது. அதற்கும் நீட் தேர்ச்சி வேண்டும்.

சிக்கல் கேள்வியின் சுபாவத்தில் இருக்கிறது. மாநில வாரியத்துக்குப் படித்த பிள்ளைக்கு 'புக் பேக்' தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. ஓம் விதியைக் கூறுக என்றால் எழுதிவிடலாம். சி.பி.எஸ்.இ.யோ 2023-24-ல் ஒன்பது, பத்து வகுப்புத் தாள்களில் பாதியைத் திறனறி கேள்விகளுக்கு ஒதுக்கியது. ஒரு வீட்டில் அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் ஒன்றாக ஓடும்போது ஃப்யூஸ் போகிறது. ஏன், எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் போட வேண்டும் என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான், இப்படித்தான் கேட்க வேண்டும். இப்படிக் கேட்டுப் பழக்க எட்டு ஆண்டு வேண்டும் என்பதுதான் வருத்தம்.

தமிழுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு பிளஸ் டூவில் மொழிப்பாடம் முதல் தாள். சி.பி.எஸ்.இ. மேல்நிலையில் இந்தி அல்லது ஆங்கிலம் ஒன்று கட்டாயம். தமிழ் விருப்பப் பாடங்களில் ஒன்று. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்று நான்கையும் எடுத்த பிள்ளைக்குத் தமிழ் ஆறாவது பாடமாகத்தான் நுழைய முடியும்.

வெளியூர் வினாத்தாளுக்கே பழகிய இந்த ஊர், நாடு முழுவதற்கும் வினாத்தாள் அனுப்பிய காலமும் உண்டு. கோரிமேட்டு ஜிப்மர், எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குத் தானே அகில இந்திய நுழைவுத் தேர்வு நடத்தியது. 2019 வரை பல மாநில மாணவர்கள் அதை எழுதினார்கள். 2020 முதல் ஜிப்மரும் நீட்டுக்குள் போய்விட்டது. உள்ளூரில் பிறந்த ஒரு பெரிய தேர்வு அதோடு முடிந்தது.

மேட்டுப்பாளையம் (ஊட்டி ரயில் கிளம்பும் ஊர் வேறு) இந்தக் கதைக்குள் எப்படி வருகிறது? தொழிற்பேட்டையும் லாரி முனையமும் உள்ள அந்தப் பகுதியில்தான் ஆண்களுக்கான அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டருக்கும் வயர்மேனுக்கும் எட்டாவது போதும். ஃப்யூஸ் கேள்வியில் தடுக்கிப் பத்தாவதில் தவறிய பையன், ஃப்யூஸ் போடும் வேலையைக் கற்றுத்தரும் எலக்ட்ரீஷியன் வகுப்பில் நேரடியாகச் சேர முடியாது.

உள்ளே சேர்ந்தவனுக்கும் டெல்லியின் அகில இந்தியத் தொழில் தேர்வு காத்திருக்கிறது. தியரித் தாள் கணினித் திரையில் வருகிறது. நான்கு விடைகளில் ஒன்றை மவுஸால் தொட வேண்டும். செய்முறையில் மட்டும் பழைய பாடு. அரத்தால் ராவிய இரண்டு இரும்புத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார் தேர்வாளர். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மதிப்பெண் குறையும். கணினி வந்தபின் பட்டறையில் அரம் பிடிக்கும் நேரம் குறைந்ததா, நாடெங்கும் போகும் ஐ.டி.ஐ. பாடநூல்கள் கிண்டியிலிருந்து ஏன் போகின்றன, அதில் ஜெர்மனிக்காரர்களுக்கு என்ன வேலை என்பதெல்லாம் அடுத்த வாரத்துக்கு.

(தொடரும்)