ஊசி யார் கையில்?

போன ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி ஒருவரைக் குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். கை நடுங்க நின்றவரிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "எந்தக் காலனி?" அடுத்து வந்தது, "உங்க ஆளுங்க எங்க திருந்தப் போறாங்க?" மனிதர் வந்த வழியே திரும்பிவிட்டார். மறுநாள் மதியம் கடை திறக்கும்போது வரிசையில் நின்றார்.

இப்படி விரட்டப்பட்ட மக்கள் தங்களுக்கான சிகிச்சையைத் தாங்களே உருவாக்கிய வரலாறு ஒன்று உண்டு. அது நடந்தது அமெரிக்காவில், நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில்.

கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பகுதி அது. ஹெராயின் வீடு வீடாகப் புகுந்திருந்தது. அங்கிருந்த லிங்கன் மருத்துவமனையை மக்கள் 'கசாப்புக்கடை' என்றே அழைத்தனர். 1970 ஜூலையில் 'யங் லார்ட்ஸ்' என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் இயக்கம் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து சுமார் 12 மணி நேரம் கைப்பற்றி வைத்திருந்தது. நவம்பரில் கறுப்பினப் போராளிகளும் மருத்துவமனை ஊழியர்களும் சேர்ந்துகொள்ள, மீண்டும் நுழைந்து போதை மீட்பு மையத்தைத் தொடங்கினார்கள். அதுதான் 'லிங்கன் டீடாக்ஸ்'.

தொடக்கத்தில் மெத்தடோன் மருந்து கொடுத்தார்கள். ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா என்ற கேள்வி அவர்களுக்குள்ளேயே எழுந்தது. அந்தச் சமயத்தில், காதில் ஊசி குத்தி மின்தூண்டல் கொடுத்தால் அபின் விட்டவர்களின் தவிப்பு குறைவதாக ஹாங்காங் மருத்துவர் வென் எழுதினார். சீனக் கிராமங்களில் 'வெறுங்கால் மருத்துவர்கள்' ஊசி வைத்தியம் செய்யும் செய்தியும் வந்திருந்தது. போராளிகள் அக்குபஞ்சர் கற்றார்கள். போதையிலிருந்து மீண்டவர்களும் ஊழியர்கள் ஆனார்கள்.

இரு காதிலும் ஐந்து ஐந்து மெல்லிய ஊசிகள். பலர் வட்டமாக உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் அமைதியாக இருப்பார்கள். ஏன் குடித்தாய், எப்போது திருந்துவாய் என்ற விசாரணை கிடையாது.

1978-இல் நிர்வாகச் சீர்கேடு என்று காரணம் சொல்லி, நகர நிர்வாகம் போலீசை வைத்து அவர்களை வெளியேற்றியது. முறை அழியவில்லை. மருத்துவர் மைக்கேல் ஸ்மித் அதைத் தொடர்ந்தார். 1985-இல் அதைப் பயிற்றுவிக்க 'நாடா' என்ற அமைப்பு உருவானது. இன்று பல நாடுகளில் சிறைகளிலும் முகாம்களிலும் அது பயன்படுகிறது.

ஊசி மந்திரமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கொக்கைன் பழக்கமுள்ள 620 பேரிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. அதில் காது அக்குபஞ்சர், ஓய்வுப் பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அதற்கு மருத்துவமனையே வேண்டும், ஊசியை மட்டும் நம்பக்கூடாது.

அப்படியானால் லிங்கனிடம் நாம் கற்க என்ன இருக்கிறது? நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரரே சிகிச்சை தருபவராக முடியும் என்பது. அவமானப்படுத்தாத இடத்துக்கு மனிதர்கள் மறுநாளும் வருவார்கள் என்பது.

அமெரிக்கச் சிறுத்தைகளின் பெயரை ஏற்று 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அவர்களின் கோபத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அவர்கள் நடத்திய மருத்துவ மையங்களை எடுத்துக்கொள்ளவில்லை.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறது. குடிநோய்க்கும் அப்படியொரு கை வரட்டும். சேரிப் பெண்களுக்கும், குடியை விட்டவர்களுக்கும் பயிற்சி தந்து அந்தப் பணியில் அமர்த்தட்டும். அதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கேட்போம்.