உங்களுக்குத் தெரியுமா? கூடைப்பந்தில் பெஞ்சும் களமும்

“ரெண்டு குவார்ட்டர் முடிஞ்சிருச்சு, ஒரு பாஸ்கெட் போடலை. கோச்சு இவனை எதுக்கு மாமா இன்னும் உள்ள விட்டு வச்சிருக்காரு?”

“பாயிண்டை மட்டும் பாக்காதடா மாப்ளே. அவன் யாரை மடக்கிட்டு நிக்கிறான்னு பாரு.”

காமயகவுண்டன்பட்டியிலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், தேனி வழியாகப் பெரியகுளம் போய் கூடைப்பந்து பார்க்கிறவர்களிடம் இந்த வாக்குவாதம் சகஜம். நட்சத்திர ஆட்டக்காரரைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. ஐந்து பேரில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இறங்கி, ஷாட் விழாமல் தடுமாறுகிற துணை ஆட்டக்காரரைப் பற்றித்தான் முழுச் சண்டையும். அடுத்த முறை வாதாடும்போது கைகொடுக்கச் சில செய்திகள்.

நம்ம மாவட்டத்து மேடை

தேனி மாவட்டம் பெரியகுளத்தில், பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவு சுழற்கோப்பைக்காக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறது. கோடை விடுமுறையில், மே மாதத்தில், மின்னொளியில் ஆட்டங்கள் நடக்கும். சென்னை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., ராணுவம், கடற்படை, விமானப்படை என்று நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடிய களம் இது. தேசிய அணிக்கு ஆடியவரை நாலு அடி தூரத்தில் பார்க்க, கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் சென்னைக்குப் போகத் தேவையில்லை.

முதல் ஆட்டத்தில் பெஞ்சே கிடையாது

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். வகுப்பில் 18 மாணவர்கள் இருந்ததால் பக்கத்துக்கு 9 பேர். எல்லோரும் ஆடினார்கள், யாரும் வெளியே உட்காரவில்லை. பீச் பழக் கூடைதான் ரிங். மொத்த ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு பாஸ்கெட். இன்றைய கணக்கில் பார்த்தால் அன்று ஆடிய 17 பேர் பூஜ்யம்!

நந்தனம் வழியாக வந்த ஆட்டம்

இந்தியாவில் கூடைப்பந்து பரவ ஒய்.எம்.சி.ஏ. முக்கியக் காரணம். 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழகப் பள்ளிகளுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள்.

வெளியே போனால் போனதுதான்

இன்று ஒருவரை எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம், திரும்ப இறக்கலாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1920 வரை அப்படி இல்லை. ஒருமுறை வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் மறுபடி காலெடுத்து வைக்க முடியாது. பிறகு ஒருமுறை திரும்பலாம் என்றார்கள். 1930-களில் அதை இரண்டு முறையாக்கினார்கள். 1944-45 பருவத்தில்தான் கட்டுப்பாடே நீங்கியது. தடுமாறுகிறவரை வேண்டும்போதெல்லாம் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மூச்சு வாங்க விட்டு, மறுபடி அனுப்பும் வசதி அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஏழு பேர் மட்டும்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்கப் போட்டியானது. ஒரு ஆட்டத்துக்கு ஓர் அணி 7 பேரைத்தான் களமிறக்கலாம். அமெரிக்காவிடம் 14 பேர் இருந்ததால் இரண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றி ஆட வைத்தார்கள். கொட்டும் மழையில், சேறாகிப்போன திறந்தவெளிக் களத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கனடாவை 19-8 என்று வென்றார்கள். அந்த அணியில் பாதிப் பேர் அன்று வேடிக்கைதான் பார்த்தார்கள்.

பத்து நிமிடத்துக்கு முன்பே முடிவு

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, ஆட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது 10 நிமிடத்துக்கு முன்பே முதல் ஐவர் யாரென்று தலைமைக் கோச் ஸ்கோர் ஷீட்டில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். இதில் ‘ஏ’ அணிக் கோச்தான் முதலில் சொல்ல வேண்டும். ‘பி’ அணிக் கோச்சுக்கு எதிராளியின் ஐவரைத் தெரிந்துகொண்டு தன் ஐவரை முடிவு செய்யும் வசதி கிடைக்கிறது. ‘ஃபார்மில் இல்லாதவரை ஏன் முதலிலேயே இறக்கினார்?’ என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இங்கே இருக்கும். எதிரணியில் உயரமான ஒருவரைப் பிடிக்க இந்தப் பக்கம் ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும்.

நாலுக்கு பூஜ்யம்: பயப்பட வேண்டாம்

நூறு த்ரீ பாயிண்டர் எறிந்தால் 35 போடுகிறவர் நல்ல ஷூட்டர். அவர் ஓர் ஆட்டத்தில் 4 முறை எறிகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனி என்று கொண்டால், நாலும் தவறுவதற்கான வாய்ப்பு 0.65-ஐ நாலு முறை பெருக்கினால் வருவது. அதாவது ஏறக்குறைய 18 சதவீதம்.

ஐந்து ஆட்டம் ஆடும் ஒரு டூர்னமென்டில், அவர் குறைந்தது ஓர் ஆட்டத்திலாவது ஒரு த்ரீகூடப் போடாமல் போகும் வாய்ப்பு 63 சதவீதம்! நன்றாக எறிகிறவருக்கே இந்தக் கதி. ஒரே ஓர் இரவைப் பார்த்து ‘இவன் கதை முடிஞ்சுது’ என்று தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஒன்பதுக்கு மூன்று நல்லதா, கெட்டதா?

ஒருவர் 9 த்ரீ எறிந்து 3 போட்டார். இன்னொருவர் ரிங்குக்குப் பக்கத்தில் 9 ஷாட் எடுத்து 4 போட்டார். கூட்டம் முதலாமவரைத்தான் திட்டும். ஆனால் முதலாமவர் கொடுத்தது 9 புள்ளி, இரண்டாமவர் கொடுத்தது 8. அதோடு, முதலாமவர் கோட்டுக்கு வெளியே நிற்பதால் எதிரணி ஒரு ஆளை அங்கே அனுப்பித்தான் ஆகவேண்டும். உள்ளே இடம் காலியாகும். இரண்டாமவருக்கு வழி கிடைத்ததே அதனால் இருக்கலாம்.

‘கை சூடாகிவிட்டது’ உண்மையா?

தொடர்ந்து இரண்டு மூன்று விழுந்தால் அடுத்ததும் விழும் என்று ரசிகர்கள் நம்புகிறோம். 1985-ல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் ஆட்டக் கணக்குகளை அலசி, இது மனப்பிரமை என்றார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாக அதுதான் பாடம். 2018-ல் ஜோஷுவா மில்லர், ஆடம் சன்ஹுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கு முறையிலேயே ஒரு நுணுக்கமான பிழை இருந்ததைக் காட்டினார்கள். திருத்திப் பார்த்தால் கை சூடாவது ஓரளவு உண்மை என்றார்கள். ஆய்வாளர்களுக்கே முப்பது ஆண்டு பிடித்த விஷயத்தை நாம் ஒரு குவார்ட்டரில் முடித்துவிடப் பார்க்கிறோம்.

ஸ்கோர் ஷீட்டில் ஏறாத வேலை

ஸ்கிரீன் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? பந்தோடு வரும் கார்டை ஒட்டியபடி எதிராளி ஓடி வருவார். அவர் வழியில் நம் ஆள் காலை அகட்டி ஊன்றி, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார். ஓடி வந்தவரின் தோள் இவர் நெஞ்சில் இடிக்கும். அரை நொடி தாமதம். அதற்குள் கார்டு எழும்பி ஷாட்டை விட்டிருப்பார். இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினாலும் ரெஃப்ரி ஃபவுல் ஊதிவிடுவார் என்பதால் இடியை வாங்கிக்கொண்டு நின்றே ஆக வேண்டும்.

இரண்டு புள்ளியும் கார்டின் பெயரில் ஏறும். இடி வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. நம் ஊர்த் திராட்சைத் தோட்டத்தில் குலையைப் பார்க்கிறவர்கள் பந்தலைத் தாங்கும் கல்தூணைப் பார்ப்பதில்லையே, அதே கதைதான். அமெரிக்காவின் என்.பி.ஏ. இப்போது இந்த ஸ்கிரீன்களையும், பந்தைத் தட்டிவிடுவதையும், எதிராளியை மோதவிட்டு ஃபவுல் வாங்க வைப்பதையும் தனியாக எண்ணி வெளியிடுகிறது.

கூட்டல் கழித்தல் கணக்கு

ஃபிபா ஆட்டக் கணக்கில் பெயருக்கு நேராக +8, -5 என்று ஓர் எண் இருக்கும். அவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி முன்னே போனது, அல்லது பின்னே வந்தது என்பதைச் சொல்லும் எண் அது. 2 புள்ளி மட்டும் போட்டவர் +12 ஆகவும், 20 போட்டவர் -6 ஆகவும் இருக்கலாம். ஆனால் கூட ஆடிய நால்வரைப் பொறுத்தும் இது மாறும். ஓர் ஆட்டத்து எண்ணை மட்டும் வைத்து வாதாட வேண்டாம். பத்து ஆட்டம் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது பிடிபடும்.

புள்ளிக் கணக்கில் இல்லாத நட்சத்திரம்

ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஷேன் பேட்டியர் பற்றி 2009-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் மைக்கேல் லூயிஸ் நீண்ட கட்டுரை எழுதினார். பேட்டியரின் சொந்தப் புள்ளிகள் சுமார்தான். ஆனால் அவர் களத்தில் இருந்தால் அணி மேம்பட்டது. எதிரணி நட்சத்திரம் கோபி பிரையன்ட் எந்த இடத்திலிருந்து எறிந்தால் குறைவாக விழும் என்று கணக்குகளைப் படித்துவிட்டு வந்து, அவரை அந்த இடத்துக்கே தள்ளுவார். எறியும்போது கண்ணுக்கு நேராகக் கையை நீட்டுவார்.

ஏழு கோப்பை, ஒரு ஆல் ஸ்டாரும் இல்லை

ராபர்ட் ஹோரி ஆட்டத்துக்குச் சராசரியாக 7 புள்ளி எடுத்தவர். ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. ஆனாலும் ஹூஸ்டன், லேக்கர்ஸ், சான் அன்டோனியோ என மூன்று அணிகளில் 7 என்.பி.ஏ. கோப்பை வென்றார். 2002-ல் சாக்ரமென்டோவுக்கு எதிராகக் கடைசி நொடியில் அவர் போட்ட த்ரீ, லேக்கர்ஸை 100-99 என்று காப்பாற்றியது.

ஆளை மாற்றி வென்றார்கள்: 2015

ஆண்ட்ரே இகுவோடாலா கோல்டன் ஸ்டேட் அணியில் அந்தப் பருவத்தின் ஒரு லீக் ஆட்டத்தில்கூட முதல் ஐவரில் இல்லை. அதற்கு முன் தான் ஆடிய 758 லீக் ஆட்டத்திலும் முதல் ஐவரில் இறங்கிய மனிதர்! முகம் சுளிக்காமல் பெஞ்சிலிருந்து வந்தார். இறுதித் தொடரில் கிளீவ்லேண்ட் 2-1 என்று முந்தியதும், நிக் யூரென் என்ற இளம் உதவியாளர் சொன்ன யோசனையைக் கோச் ஸ்டீவ் கெர் ஏற்றார். உயரமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து இகுவோடாலாவை இறக்கினார். நாலாவது ஆட்டம் 103-82. அடுத்த இரண்டும் வெற்றி. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவோடாலாவுக்கு.

மாற்றாமல் தோற்றார்கள்: 2016

அதே அணி, அதே கோச், அடுத்த ஆண்டு. இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலை. அப்போது துணை ஆட்டக்காரர் ஹாரிசன் பார்ன்ஸுக்கு ஷாட் விழுவது நின்றுபோனது. கடைசி மூன்று ஆட்டங்களில் 32-க்கு 5. கெர் அவரை விடாமல் முதல் ஐவரில் வைத்திருந்தார். மூன்றிலும் தோல்வி, கோப்பை போனது.

ரசிகர்கள் சொல்லும் குறை சில நேரம் நியாயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும். அந்தக் கோடையிலேயே ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் பார்ன்ஸ் இருந்தார். டல்லாஸ் அணி அவரைப் பெரிய தொகைக்கு எடுத்தது. மூன்று மோசமான ஆட்டங்கள் ஒரு தொடரைத் தீர்மானிக்கலாம். ஆட்டக்காரரின் தரத்தை அவை தீர்மானிப்பதில்லை.

நாலு ஃப்ரீ த்ரோ

1995 என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டம். ஆர்லாண்டோ 3 புள்ளி முன்னிலை, மிச்சம் 10.5 நொடி. நிக் ஆண்டர்சன் இரண்டு ஃப்ரீ த்ரோவும் தவறவிட்டார். பந்து மறுபடி அவர் கைக்கே வந்து, ஃபவுல் வாங்கி, அடுத்த இரண்டும் போனது. ஹூஸ்டன் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்று, தொடரை 4-0 என்று முடித்தது. நூற்றுக்கு 70 அளவில் ஃப்ரீ த்ரோ போட்டவர், 1996-97 பருவத்தில் நூற்றுக்கு 40-க்கு இறங்கிப்போனார். கை அதே கைதான், உடைந்தது மனசு. பேர் சொல்லி ஏசுவதற்கு முன் இவரை நினைத்துக்கொள்வோம்.

ஆறாவது ஆளுக்கு விருது

பெஞ்சிலிருந்து வருவது இழிவில்லை என்று காட்டவே என்.பி.ஏ. 1982-83 பருவத்திலிருந்து ‘சிறந்த ஆறாவது ஆள்’ விருது தருகிறது. முதலில் வாங்கியவர் பாபி ஜோன்ஸ். 2008-ல் வாங்கியவர் மனு ஜினோபிலி. நாலு ஆண்டுக்கு முன்தான் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கித் தந்திருந்தார்!

சீனாவை 58-ல் நிறுத்திய இரவு

2014 ஜூலையில் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை அவர்கள் மண்ணிலேயே 65-58 என்று வென்றது. பாருங்கள், 65 என்பது பெரிய ஸ்கோரே இல்லை. ஆசியாவின் பெரிய அணியை 40 நிமிடத்தில் 58-க்குள் கட்டிப்போட்டதுதான் வெற்றி. அந்தக் கட்டிப்போடும் வேலையில் களத்திலிருக்கும் ஐந்து பேருக்கும் பங்கு உண்டு.

கோச்சே இல்லாத ஆட்டம்

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான மூவர் கூடைப்பந்தில், மூன்று பேர் ஆட ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரர். கோச் களத்தோரம் நின்று சொல்லித் தர விதி இடம் தரவில்லை. யார் வெளியே, யார் உள்ளே என்பதை ஆடுகிறவர்களே முடிவு செய்தார்கள். தடுமாறுகிற தோழனைத் தாங்கவும், தேவைப்பட்டால் ‘நீ கொஞ்சம் உட்காரு’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் அங்கே பழகிக்கொள்ள வேண்டும்.

ஒரு குவார்ட்டர், ஒரே ஆள்

ஒரு குவார்ட்டர் என்பது 10 நிமிடம். அடுத்த ஆட்டத்தில், நீங்கள் திட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆட்டக்காரரை மட்டும் 10 நிமிடம் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். அவர் பிடித்திருக்கும் எதிராளி எத்தனை புள்ளி எடுத்தார்? ஷாட் தவறியதும் தலையில் கை வைத்து நின்றாரா, தடுப்புக்குத் திரும்பி ஓடினாரா? ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால் மறித்தாரா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஷாட் திரும்ப வரும்வரை அவர் உள்ளே இருக்கத் தகுதியானவர். மூன்றும் இல்லையென்றால் கோச் அவரை மாற்றுவதே நியாயம். அப்படிப் பார்த்துவிட்டுச் சொல்லும் குறை ஆட்டக்காரருக்கு வசவாக இருக்காது; திருத்திக்கொள்ள உதவும்.