போனுக்குள் மனை, போனுக்குள் கல்யாணம்!



"அக்கா, வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்திருக்கு. தொட்டா போதும், மனையையே சுத்திப் பார்க்கலாமாம்!" என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். தேர்வாய் கண்டிகை சிப்காட், கும்மிடிப்பூண்டி என்று கம்பெனிகள் உள்ள நம் பக்கத்தில் மனை விளம்பரத்துக்கா பஞ்சம்? அதனால் இந்தப் புது வித்தையை நாமும் தெரிந்து கொள்வோம்.

இது எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது மெய்நிகர் காட்சி (வி.ஆர்.). எல்லாப் பக்கமும் பார்க்கும் கேமராவால் ஓர் இடத்தைப் படம் எடுத்து, அந்தப் படங்களை ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஒன்றாகச் சேர்க்கிறார்கள். போனை நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும், உள்ளே இருக்கும் சென்சார் அதை அறிந்து அந்தப் பக்கத்துப் படத்தைக் காட்டும். 2022 ஜூலையில் சென்னை உள்பட 10 நகரங்களுக்கு வந்த கூகுள் ஸ்ட்ரீட் வியூவும் ஏறக்குறைய இப்படித்தான்.

இரண்டாவது ஏ.ஆர். உங்கள் கேமராவில் தெரியும் தரையை போன் அளந்து கொள்ளும். பிறகு, கணினியில் வரைந்த கட்டிலையோ பீரோவையோ அந்தத் தரையில் நிறுத்திக் காட்டும். நிஜமாகவே நம் கூடத்தில் இருப்பது போலத் தோன்றும்.

முன்பு இதற்குப் பெரும்பாலும் தனி ஆப் வேண்டும். 2019 டிசம்பரிலும் 2020லும் வந்த குரோம் பிரவுசரில் 'வெப்எக்ஸ்ஆர்' என்ற வசதி சேர்ந்தது. அதற்கு ஏற்ற போன் இருந்தால், லிங்கைத் தொட்டாலே போதும்.

கிருஷ்ணகிரி கல்யாணம்

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. தாலி கட்டியது ஊரில். வரவேற்பு வைத்தது கணினி உலகத்தில்! உறவினர்கள் அவரவர் இடத்தில் இருந்தபடியே பொம்மை உருவத்தில் வந்தார்கள். காலமாகிவிட்ட பெண்ணின் அப்பாவையும் உருவமாகக் கொண்டு வந்தார்கள். அந்தப் பெண்ணின் மனசு எப்படி நிறைந்திருக்கும்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இல்லாதவரை இருப்பது போலக் காட்ட முடிகிறது என்றால், இல்லாத ரோட்டையும் தெருவிளக்கையும் காட்ட முடியாதா? 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தை மனைக்குப் பக்கத்திலேயே வரைந்து விடலாம். நேரில் போனால் அது எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்பதையும் படம் சொல்லாது.

முன்பணம் கொடுக்கும் முன்

1. நேரில் போய் நின்று பாருங்கள். அக்கம் பக்கத்தில் விசாரியுங்கள்.

2. விளம்பரத்தில் ரேரா பதிவு எண் இருக்கிறதா? பதிவு செய்ய வேண்டிய திட்டத்தை, பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

3. பட்டா யார் பெயரில்? வில்லங்கம் உண்டா? இரண்டையும் அரசு இணையதளங்களில் காசில்லாமல் பார்க்கலாம். சர்வே எண் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

4. ஏ.ஆர். காட்சிக்குக் கேமரா அனுமதி கேட்பது இயல்பு. ஓ.டி.பி., வங்கி விவரம், பின் நம்பர் கேட்டால் உடனே மூடி விடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

இந்த வித்தை கெட்டது அல்ல. பிள்ளைகள் இதயம் எப்படித் துடிக்கிறது என்று சுற்றிப் பார்த்துப் படிக்கலாம். பீரோ வாங்கும் முன் நம் வீட்டில் அடங்குமா என்று பார்க்கலாம். பார்ப்பதற்குப் போன் போதும் சகோதரிகளே! பணம் கொடுப்பதற்குக் காலும் நடக்க வேண்டும், காகிதமும் பேச வேண்டும்.

குழுக் கடன் வாங்கி மனை வாங்க நினைக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் நம்முடையது!