உறைதலும் உயிர்த்தலும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் 'உறைதல்' என்பது ரப்பர்ப்பால் அமிலம் பட்டுக் கட்டியாவதைக் குறிக்கும். இரத்தம் கட்டுவதும் உறைதலே. ஆகவே தொப்புள்கொடி இரத்தத்தை 'உறையவைத்துக் காப்போம்' என்னும் ஒப்பந்தம் பெற்றோரை மயக்கக்கூடும். கட்டிய பால் மீண்டும் நீர்மமாகாது. முறையாகக் குளிர்வித்த குருத்தணுவோ உயிர்ப்புடன் மீளும். 1988இல் பாரிசில் ஒரு சிறுவன் இவ்வாறு காக்கப்பட்ட தன் தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தால் நலம் பெற்றான்.

அணுவின் பெரும்பகுதி நீர். மிக விரைந்து குளிர்வித்தால் உள்ளே பனிப்படிகம் தோன்றிச் சவ்வைச் சிதைக்கும். மிக மெதுவாயின் நீர் வெளியேறி அணு வற்றும். ஆதலின் டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் காப்புப்பொருள் சேர்த்து, நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வீதம் குளிர்வித்து, பின்னர் −196 பாகையுள்ள திரவ நைட்ரஜனில் வைப்பர். உருக்கும்போது 37 பாகை வெந்நீரில் விரைவு வேண்டும். தாமதித்தால் சிறு படிகங்கள் பெரிதாகும்.

உருக்கியவுடன் சாயமிட்டு எண்ணுகையில் உயிருள்ளனவாகத் தோன்றும் சில அணுக்கள், பல மணி நேரம் கழித்துத் தன்னழிவால் மடியும். எனவே 'எத்தனை சேமித்தீர்கள்?' என்பதோடு 'உருக்கியபின் எத்தனை பிழைத்து வளரும்?' என்றும் பெற்றோர் கேட்டல் வேண்டும். அவ்வினா தெளிவுற, கட்டுவதை 'உறைதல்' என்றும், இதனைக் 'குளிர்காப்பு' என்றும் பிரித்து வழங்குதல் நன்று.