பேச்சிழந்த இயந்திரம்

மண் அகழும் பெரும் இயந்திரத்தை, மக்கள் வழக்கிலே பெக்கோ எனப்படுவதை, அறியாதார் இலர். பழைய இயந்திரங்களிலே சாரதி நெம்புகோலை அசைத்தால், அவ்வசைவு இரும்புத் தண்டுகளின் வழியாகவோ எண்ணெய்க் குழாய்களின் வழியாகவோ நேரே வால்வைச் சென்றடையும். பழுது நேர்ந்தால் வளைந்த தண்டு கண்ணிற்படும். ஒழுகும் எண்ணெய் கையில் ஒட்டும். இன்றைய இயந்திரங்கள் பலவற்றிலோ, சாரதியின் அசைவுக்கும் இயந்திரத்தின் செயலுக்கும் இடையே இலத்திரனியற் பேச்சு ஒன்று நிகழ்கின்றது. அப்பேச்சு தடைப்படும்போது வெளியே தெரிவது யாதுமில்லை.

பேசுவோர் யாவர்? எஞ்சினை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று; எண்ணெய்ப் பம்பை ஆளும் பெட்டி மற்றொன்று; சாரதியின் முன்னுள்ள காட்சித்திரை இன்னொன்று. ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி வயர் இழுப்பதாயின் அதற்கு முடிவே இராது. ஆகவே எல்லாப் பெட்டிகளும் ஒரே சோடி வயரைப் பொதுவிற் பயன்படுத்துகின்றன. கான் எனப்படும் இம்முறையை ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் மோட்டார்க் கார்களுக்காக உருவாக்கி, 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரில் அறிமுகஞ் செய்தது. பின்னர் ஜே 1939 என்ற விதித்தொகுப்பின் மூலம் அது லொறிகளிலும் கனரக இயந்திரங்களிலும் நிலைபெற்றது.

இம்முறையை ஓர் ஊர்க்கூட்டத்துக்கு ஒப்பிடலாம். ஒருவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும்; வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்வர். இருவர் ஒரே வேளையில் வாய்திறந்தால், அவசரச் செய்தி உடையவர் தொடர்வார், மற்றவர் காத்திருப்பார். பேச்சில்லாதபோது இரு வயர்களிலும் ஏறத்தாழ 2.5 வோல்ற்று நிற்கும். பேசும்போது ஒன்று 3.5 ஆக உயரும், மற்றது 1.5 ஆகத் தாழும். அவ்விரண்டின் வேறுபாடே செய்தி. வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் மின்குழப்பம் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும். வேறுபாடு பெரும்பாலும் மாறாது நிற்கும்.

இனி, பழுது வந்தால் நிகழ்வது யாது? பம்பை ஆளும் பெட்டிக்கு எஞ்சினின் வேகம் பற்றிய செய்தி வரவில்லை என்று கொள்வோம். பல இயந்திரங்களில் அப்பெட்டி எச்சரிக்கையாகப் பம்பின் வலுவைக் குறைத்துவிடும். இயந்திரம் சோர்ந்து உழைக்கும். பம்பு தேய்ந்துவிட்டதென எண்ணி அதனைக் கழற்றினால், பெரும் பொருள் வீணாகும். வேலைத்தலத்திலே நாட்கூலிக்கு வந்தோர் கைகட்டி நிற்பர். உண்மையான பழுதோ, நீர் புகுந்து பச்சைக் களிம்பு படிந்த ஒரு சிறு இணைப்பியாய் இருக்கக்கூடும்.

திரையிலே தோன்றும் பழுதெண்ணை இங்கே சரியாகப் படித்தல் வேண்டும். ஜே 1939 முறையில் ஓர் எண் பொருளைக் குறிக்கும். மற்றோர் எண் பழுதின் வகையைக் குறிக்கும். வகையெண் 9 என்றால், செய்தி வரவேண்டிய கால ஒழுங்கில் வரவில்லை என்பது கருத்து. அனுப்பும் பெட்டி பழுதாயிற்று என்பது அதன் கருத்தன்று. தபால் வரவில்லை என்றால், எழுதியவர் எழுதாதிருக்கலாம், வழி அடைபட்டிருக்கலாம், பெறுபவரின் கதவே பூட்டியிருக்கலாம்.

எனவே முதலிற் கேட்கவேண்டியது, யார் யாரைப் பற்றி முறையிடுகின்றார் என்பதே. எல்லாப் பெட்டிகளும் ஒன்றைப் பற்றியே முறையிட்டால், அந்த ஒன்றுக்கு மின்சாரமும் நிலத்தொடுப்பும் கிடைக்கின்றனவா என்றும், அதற்குச் செல்லும் கிளைவயர் முழுமையாய் உள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். ஒரு பெட்டி மட்டும் மற்றெல்லாவற்றையும் பற்றி முறையிட்டால், குறை அதனிடத்தோ அதன் கிளையிலோ இருத்தல் கூடும். ஒவ்வொன்றும் மற்றவற்றைப் பற்றி முறையிட்டால், பொதுவழியையே ஐயுறுதல் தகும்.

அடுத்தது அளவிடுதல். அதற்கு முன் அகழும் வாளியை நிலத்தில் இறக்கி, எண்ணெயழுத்தத்தை நீக்கி, சாவியைக் கழற்றிக்கொள்ளுதல் வேண்டும். பேச்சு மீண்ட இயந்திரம் எதிர்பாராது அசைந்தால் உயிருக்கே கேடு. பின்னர் பற்றறியின் தொடர்பைத் துண்டித்து, இரு வயர்களுக்கும் இடையேயுள்ள தடையைப் பல்மானியால் அளக்கலாம். பொதுவழியின் இரு முனைகளிலும், செய்தி எதிரொலித்துத் திரும்பாதிருக்க, 120 ஓம் தடை ஒவ்வொன்று வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் சமாந்தரமாக நிற்பதால் 60 ஓம் அளவில் காட்டுதல் முறை. 120 காட்டினால் ஒரு முனைத்தடை இல்லை, அல்லது வழி இடையில் அறுந்துள்ளது. 40 காட்டினால் மிகையாக மூன்றாவது தடை ஒன்று சேர்ந்துள்ளது. பூச்சியத்தை அண்டினால் இரு வயர்களும் ஒன்றையொன்று தொடுகின்றன.

ஆயினும் 60 காட்டியதனால் எல்லாம் நலமென முடிவு கட்டலாகாது. கிளைவயர் ஒன்று அறுந்திருந்தாலும் பொதுவழி 60 காட்டும். ஆகவே மின்சாரத்தை இணைத்து, ஒவ்வொரு வயரும் இயந்திரச் சட்டத்துக்கு எதிரே எத்தனை வோல்ற்று காட்டுகின்றது என்றும் அளத்தல் வேண்டும். இரண்டும் 2.5இன் அருகே நிற்பது இயல்பு. ஒன்று பூச்சியமானால் அது சட்டத்தைத் தொடுகின்றது. பற்றறியின் அளவுக்கு உயர்ந்தால் மின்வழங்கும் வயரைத் தொடுகின்றது. அதன்பின் மின்சாரத்தை நிறுத்திப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீண்டும் அளந்து பார்க்கலாம். எதனைக் கழற்றியபோது வழி சீராகின்றதோ, அதனிடத்திலோ அதன் கிளையிலோ பழுது உள்ளது. சில பெட்டிகளுக்குள்ளேயே முனைத்தடை இருப்பதால், அவற்றைக் கழற்றினால் 120 காட்டுவது இயல்பே.

வந்து வந்து மறையும் பழுதே மிகக் கடினமானது. கை மடங்கும் மூட்டுகளிலும், சாரதி அறை அதிரும் இடங்களிலும் வயர் உராயும். அங்கே வயர்க்கட்டை மெல்ல அசைத்தபடியே மானியை நோக்குதல் நன்று. ஊசியால் வயரின் உறையைக் குத்தி அளப்பது தீது; அத்துளையால் நீர் புகுந்து நாளடைவில் புதிய பழுது விளையும். இயந்திரத்தில் ஒட்டுவேலை செய்யும்போது, உற்பத்தியாளர் கூறியவாறு பற்றறியையும் பெட்டிகளையும் துண்டித்து வைத்தல் இன்றியமையாதது.

விலைமிக்க பெட்டியை மாற்றுவது இலகு. மாற்றியபின் பழுது அப்படியே நிற்பதைக் காண்பது துயரம். பெட்டியைக் குற்றஞ் சாட்டுமுன் அதற்கு மின்சாரம் வருகின்றதா, வழி திறந்திருக்கின்றதா, முனைத்தடைகள் உள்ளனவா என்னும் மூன்றையும் சோதித்தல் வேண்டும். அரைமணி நேரப் பொறுமை பல நாள் வேலையிழப்பைத் தடுக்கக் கூடும்.