முதல் வண்டியே 650 சிசியா?

மறைமலைநகரில் ஜிஎஸ்டி சாலையில் யூ டர்ன் எடுக்கும்போதுதான் பெரிய பைக்கின் கனம் தெரியும். ஓடும் வண்டி சாய்ந்தால், ஹேண்டிலைச் சற்றுத் திருப்பினாலே சக்கரங்கள் எடைக்கு அடியில் வந்து நிமிர்த்திவிடும். நடை வேகத்தில் அந்த உதவி குறைவு. சாயச் சாய விழவைக்கும் விசையும் கூடும். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 இருநூறு கிலோவுக்கு மேல். ஒற்றைக் காலால் தாங்குவது லேசல்ல.

ஆக்ஸிலரேட்டர்தான் பெரிய ஆபத்து. வண்டி திடீரென்று பாய்ந்தால் உடல் பின்னால் போகும். பிடியை விடாத மணிக்கட்டு, தன்னையறியாமல் இன்னும் முறுக்கும். 47 குதிரைத்திறனில் அந்த ஒரு நொடி போதும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

பிரிட்டனில் இளைஞர்களுக்குப் படிப்படியாகத்தான் உரிமம். இங்கே 100 சிசிக்கும் 650க்கும் ஒரே கியர் பைக் உரிமம். தம்பி, தங்கைகளே, முதல் வருடம் 125 சிசியில் ஓட்டுங்கள்.