எளிய கைப்பேசியும் அதனைக் கற்பிக்கும் முறையும்

நமது நாட்டில் கைப்பேசி வாயிலாக முதல் உரையாடல் நிகழ்ந்தது 1995-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாளாகும். அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு அவர்கள் புது டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராம் அவர்களுடன் பேசினார். அக்காலத்தில் இக்கருவி செல்வர்க்கே உரியதாயிருந்தது. பிறர் நம்மை அழைத்தாலும் நாமே கட்டணம் செலுத்த நேர்ந்தது. 2003-ஆம் ஆண்டில் அந்நிலை மாறியது. இன்று நாட்டிலுள்ள கைப்பேசி இணைப்புகள் நூறு கோடிக்கு மேற்பட்டன.

ஆயினும், கருவி கையில் இருத்தல் வேறு, அதனை இயக்க அறிந்திருத்தல் வேறு. தம் கைப்பேசியில் வரும் அழைப்பை ஏற்க மட்டுமே அறிந்து, பிறரை அழைப்பதற்கு அண்டை வீட்டாரை நாடுவோர் கிராமங்களில் பலர் உளர். நள்ளிரவில் ஒருவர் நோயுற்றால், உதவிக்கு அழைக்க வேண்டிய மூன்று இலக்க எண்ணை அழுத்தத் தெரியாமையால் காலம் வீணாகின்றது. வங்கியிலிருந்து வரும் செய்தியைப் படிக்கக் கருவியைப் பிறர் கையில் கொடுப்பவர், தம் பணத்தின் திறவுகோலையே கொடுத்துவிடுகின்றார். ஆதலின், இக்கருவியின் அடிப்படைப் பயன்களைக் கற்பித்தல் எழுத்தறிவுப் பணியின் ஓர் அங்கமாகவே கருதத்தக்கது. 'பட்டன் போன்' என மக்கள் வழங்கும் எளிய கைப்பேசியைப் பற்றியே இக்கட்டுரை கூறுகின்றது.

கைப்பேசி செயற்படும் விதம்

கைப்பேசி என்பது ஒரு சிறு வானொலி நிலையம் எனலாம். அது மின்காந்த அலைகளை வெளிவிடவும் ஏற்கவும் வல்லது. ஊர்ப்புறங்களில் நாம் காணும் உயர்ந்த கோபுரங்கள் இவ்வலைகளை வாங்கி, தொலைபேசி நிலையங்களுக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு கோபுரமும் தன்னைச் சூழ்ந்த ஒரு குறிப்பிட்ட பரப்பிற்குப் பணி புரிகின்றது. இப்பரப்பினைத் தேன்கூட்டின் ஓர் அறைக்கு ஒப்பிடலாம். ஒருவர் பேருந்தில் பேசிக்கொண்டே செல்லும்போது, ஓர் அறையின் எல்லை முடிவுற்றதும் அடுத்த அறையின் கோபுரம் அவருடைய பேச்சை ஏற்றுக்கொள்கின்றது.

கோபுரம் அண்மையிலிருப்பின் கைப்பேசி குறைந்த ஆற்றலுடன் பேசும். சேய்மையிலிருப்பின் மிகுந்த ஆற்றலுடன் பேசும். மலையடிவாரங்களிலும் காட்டுப் பகுதிகளிலும் மின்கலம் விரைவில் தீர்ந்துபோவதற்கு இதுவே காரணம். திரையின் மூலையில் தோன்றும் சிறு கோடுகள் அலையின் வலிமையைக் காட்டுவன. கோடு இல்லாத இடத்தில் கருவியைப் பழுதென எண்ணலாகாது. திறந்த வெளிக்கோ மேட்டிற்கோ சென்று மீண்டும் முயல வேண்டும்.

கருவியினுள் பொருத்தப்படும் 'சிம்' என்னும் சிறு தகடு, இணைப்புக்கு உரியவர் இன்னார் என்று நிலையத்திற்கு அறிவிப்பது. கருவியை மாற்றினும் தகட்டை மாற்றாதவரை எண் மாறாது. இவ்வேறுபாட்டைக் கற்போர் தெளிவாக உணர வேண்டும். கருவி தொலைந்தால் கடையில் புதியது வாங்கலாம்; சிம் தொலைந்தாலோ பிறர் அதனைப் பயன்படுத்து முன்னர் நிறுவனத்திற்கு அறிவித்து அதனை முடக்குதல் இன்றியமையாதது. அன்றியும், நெடுநாள் பயன்படுத்தாது விட்ட எண் வேறொருவருக்கு வழங்கப்படலாம். வங்கிக் கணக்குடன் இணைந்த எண்ணை இவ்வாறு கைவிடுதல் தீங்கு பயக்கும்.

விசைகளை அறிதல்

பயிற்சியைத் தொடங்கும்போது ஆசிரியர் முதற்கண் விசைப் பலகையை விளக்க வேண்டும். 1, 2, 3 என்னும் எண்கள் மேல் வரிசையிலும், 7, 8, 9 என்பன மூன்றாம் வரிசையிலும், 0 அடியிலும் அமைந்துள்ளன. கணக்கிடும் பொறியில் இவ்வரிசை தலைகீழாக இருப்பதால், அதில் பழகிய கடைக்காரர்கள் தொடக்கத்தில் தடுமாறுதல் இயல்பு. 5 என்னும் விசையின்மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும். கண்பார்வை குன்றியோரும், இருளில் இயக்குவோரும் அப்புடைப்பில் நடுவிரலை வைத்து ஏனைய எண்களின் இடத்தை உணரலாம். முதியோர் வகுப்பில் இதனை முதலிலேயே கற்பித்தல் நலம்.

பச்சை விசை அழைக்கவும், வரும் அழைப்பை ஏற்கவும் உரியது. சிவப்பு விசை பேச்சை முடிக்கவும், நெடுநேரம் அழுத்தினால் கருவியை அணைக்கவும் அல்லது இயக்கவும் பயன்படுவது. 0 விசையை நெடுநேரம் அழுத்தினால் கூட்டற்குறி தோன்றும். வெளிநாட்டு எண்களுக்கு அது வேண்டப்படுவது. இந்தியாவின் குறியீடு +91 ஆகும். பல கருவிகளில் # என்னும் விசையை நெடுநேரம் அழுத்தினால் மணியோசை அடங்கிவிடும். "என் போன் ஒலிப்பதே இல்லை" என்று முறையிடுவோர் பலருடைய கருவியில், பையினுள் இவ்விசை தற்செயலாக அழுந்தியிருத்தலே காரணமாகும். அதே விசையை மீண்டும் நெடுநேரம் அழுத்தினால் ஓசை திரும்பிவிடும்.

பயிற்சியின் வரிசை

முதற்பாடம் அழைப்பை ஏற்றலும் முடித்தலும் ஆகும். இரண்டாம் பாடம் எண்ணை அழுத்தி அழைத்தல். நமது நாட்டில் கைப்பேசி எண் பத்து இலக்கங்கள் கொண்டது. அதனை ஒரே மூச்சில் சொல்லாமல், ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்லி அழுத்தப் பழக்கினால் பிழை குறையும். ஓர் இலக்கம் தவறினால் முழுவதையும் அழிக்க வேண்டுவதில்லை. அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் கடைசி இலக்கம் மட்டும் மறையும். இதனை அறியாதார் பிழை நேர்ந்ததும் அஞ்சிக் கருவியையே அணைத்துவிடுகின்றனர்.

மூன்றாம் பாடம் பெயர்களைச் சேமித்தல். எழுத்து விசைகள் ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துக்கள் உள்ளன. எத்தனையாவது எழுத்தோ அத்தனை முறை அழுத்த வேண்டும். 'ரவி' என்று ஆங்கில எழுத்தில் பதிவதற்கு 7-ஐ மும்முறையும், 2-ஐ ஒருமுறையும், 8-ஐ மும்முறையும், 4-ஐ மும்முறையும் அழுத்துதல் வேண்டும். நான்கு எழுத்துக்குப் பத்து அழுத்தங்கள் ஆகின்றன. எழுதப் படிக்க அறியாதாரை இதில் வருத்துதல் தகாது. அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பல கருவிகளில் 2 முதல் 9 வரையுள்ள விசைகளுக்கு ஒவ்வோர் எண்ணை ஒதுக்கலாம். மகனுக்கு 2, மகளுக்கு 3, சுகாதாரப் பணியாளருக்கு 4 என்று வைத்துவிட்டால், அவ்விசையை நெடுநேரம் அழுத்திய அளவில் அழைப்புச் செல்லும். இன்னாருக்கு இன்ன மணியோசை என்று அமைக்கும் வசதியுள்ள கருவிகளில், அழைப்பவர் யாரென்பதைத் திரையைப் பாராமலே செவியால் அறியலாம்.

நான்காம் பாடம் குறுஞ்செய்தி. ஒரு செய்தியில் ஆங்கில எழுத்துக்கள் 160 வரை அடங்கும். இந்திய மொழிகளில் 70 மட்டுமே அடங்கும். மேலும், நம் மொழிகளில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே ஓர் இடம் கொள்ளும். 'மருத்துவமனை' என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துக்கள் ஏழு. செய்தியிலோ அதற்குப் பதினோரு இடம் வேண்டும். இதனை அறிந்து களப் பணியாளர்கள் தம் அறிவிப்புக்களைச் சுருக்கமாக எழுதுதல் நன்று. நீண்ட செய்தி பல செய்திகளாகக் கணக்கிடப்படும். எழுதுவதைவிட வந்த செய்தியைத் திறந்து காணுதலே கற்போருக்கு முதன்மையானது. செய்திப் பெட்டி நிரம்பிவிட்டால் பழைய கருவிகள் புதிய செய்தியை ஏற்கமாட்டா. புயல், வெள்ளம் பற்றிய எச்சரிக்கைகள் இன்று வட்டார மொழிகளிலேயே குறுஞ்செய்தியாக அனுப்பப்படுகின்றன. ஒடிசா, ஆந்திரக் கடற்கரைகளில் வாழும் மீனவர் ஒருவரின் பெட்டி விளம்பரச் செய்திகளால் நிறைந்திருப்பின், எச்சரிக்கை அவரை அடையாது போகலாம். வேண்டாதவற்றை வாரம் ஒருமுறை அழிக்கும் வழக்கத்தை வகுப்பிலேயே ஏற்படுத்துதல் வேண்டும்.

ஆபத்துக் காலத்து எண்கள்

காவல், தீயணைப்பு, மருத்துவ உதவி ஆகிய மூன்றிற்கும் பொதுவான எண் 112 ஆகும். இத்திட்டம் 2018-ஆம் ஆண்டு நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றுப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. விசைப் பலகை பூட்டப்பட்டிருந்தாலும் பெரும்பாலான கருவிகளில் இவ்வெண்ணை அழுத்த இயலும். 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, எளிய கைப்பேசிகளில் 5 அல்லது 9 என்னும் விசை ஆபத்து விசையாகவும் அமைதல் வேண்டும். கற்போரின் கருவியில் எவ்விசை அவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் கருவியுடன் வரும் கையேட்டில் பார்த்து அறிவித்தல் ஆசிரியர் கடமை. இவ்வெண்ணை வகுப்பில் உண்மையாகவே அழைத்துப் பார்த்தல் கூடாது. அணைத்து வைத்த கருவியில் விரற்பயிற்சி தந்தாற் போதும்.

குழந்தைகளின் துயருக்கு 1098, பெண்களின் உதவிக்கு 181 என்னும் எண்கள் உள்ளன. வேளாண்மை பற்றிய ஐயங்களுக்கு 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பெற்ற கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் அழைத்து, உழவர் தம் மொழியிலேயே விடை பெறலாம். எண்ணைப் பயன்படுத்தப் பழகியவர்க்கு முதற்பயிற்சியாக இதனையே அளிக்கலாம். விளைநிலத்தில் கண்ட பூச்சியைப் பற்றித் தாமே கேட்டு விடை பெறும் உழவருக்கு அக்கருவியின் அருமை விளங்கிவிடும்.

பணமும் பாதுகாப்பும்

இணைய வசதியில்லாத கைப்பேசியிலும் *99# என்று அழுத்திப் பச்சை விசையைத் தட்டினால், வங்கிக் கணக்கின் இருப்பை அறியவும் பணம் அனுப்பவும் இயலும். 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் ரிசர்வ் வங்கி, எளிய கைப்பேசிகளுக்கென்றே வேறொரு பணம் செலுத்தும் முறையையும் தொடங்கி வைத்தது. இவ்வசதிகள் நன்மை தருவனவே. ஆயின் வசதி பெருகுமிடத்து வஞ்சகமும் பெருகுதல் கண்கூடு.

ஆகவே, பின்வரும் விதிகளைக் கற்போர் மனத்தில் பதியுமாறு பன்முறை கூறுதல் வேண்டும். 'ஓ.டி.பி.' என்று வரும் இரகசிய எண்ணை வங்கி அதிகாரி என்பவர்க்கும், காவலர் என்பவர்க்கும், உறவினர்க்கும் சொல்லலாகாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கே அது தேவை. நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதேனும் எண்ணை அழுத்துமாறு அறியாதவர் கூறின், உடனே சிவப்பு விசையை அழுத்த வேண்டும். +91 என்று தொடங்காத அந்நிய எண்ணிலிருந்து ஒரு மணியோசை மட்டும் வந்து நின்றால், திருப்பி அழைத்தல் வேண்டா. பணம் பறிபோனதாக உணர்ந்தால், காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணிற்கு அறிவிக்க வேண்டும்; எத்துணை விரைவாக அறிவிக்கின்றோமோ அத்துணைக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி.

*#06# என்று அழுத்தினால் திரையில் பதினைந்து இலக்க எண்ணொன்று தோன்றும். இதுவே கருவியின் அடையாள எண். இதனை வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், கருவி களவுபோனபோது 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பெற்ற 'சஞ்சார் சாத்தி' வாயிலாக அதனை எவ்வலையிலும் இயங்காதவாறு முடக்கலாம். சிம் தகட்டுக்கும் இரகசியப் பூட்டு இடலாம். மூன்று முறை தவறான எண்ணை இட்டால் தகடு பூட்டிக்கொள்ளும். அப்போது நிறுவனம் தரும் எட்டு இலக்கத் திறவெண்ணை இட வேண்டும். அதனையும் பத்து முறை தவறாக இட்டால் தகடு அறவே பயனற்றுப் போகும். எனவே, ஊகித்து அழுத்துதல் ஆகாது.

மின்கலத்தைப் பேணுதல்

இக்கருவிகளின் மின்கலம் லித்தியம் அயனி வகையைச் சார்ந்தது. வெப்பமே அதன் முதற்பகை. அடுப்பின் அருகிலோ, வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள்ளோ கருவியை வைத்தல் கூடாது. முற்றும் தீரும்வரை காத்திராமல் இடையிடையே மின்னேற்றம் செய்தல் நலம். மின்கலம் உப்பியிருப்பின் அதனை அழுத்தவோ துளைக்கவோ கூடாது, தீப்பற்றும். உடனே அகற்றி, மின்னணுக் கழிவு ஏற்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். நீரில் விழுந்த கருவியை உடனே அணைத்து, மின்கலத்தைக் கழற்றி, நன்கு உலர்ந்தபின்னரே இயக்க வேண்டும். ஈரத்துடன் மின்னேற்றம் செய்தல் பெருந்தீங்கு.

ஆசிரியர் கவனத்திற்கு

பயிற்சி முழுவதிலும் ஒரு விதியை மறத்தலாகாது: விசையை அழுத்தும் விரல் கற்பவருடையதாகவே இருத்தல் வேண்டும். "இங்கே கொடுங்கள், நான் போட்டுத் தருகிறேன்" என்று கருவியை வாங்கிக்கொள்ளும் ஆசிரியர், விரைவில் வேலையை முடிப்பார்; ஆனால் கற்பவர் அடுத்த முறையும் பிறரையே நாடி நிற்பார். வகுப்புக்கு அவரவர் சொந்தக் கருவியையே கொண்டுவரச் செய்தல் வேண்டும். கருவிக்குக் கருவி விசைகளும் பட்டியல்களும் வேறுபடுவதால், ஒன்றிற் கற்றது மற்றொன்றிற்கு அப்படியே பொருந்தாது. ஒரு நாளைக்கு ஒரு பாடமே போதும். மறுநாள் வகுப்பு, முந்தைய பாடத்தை எவர் துணையுமின்றிச் செய்து காட்டுவதுடன் தொடங்குதல் வேண்டும்.

ஒருவர் தம் வீட்டார் ஒருவரை எண் அழுத்தித் தாமே அழைத்தல், வந்த செய்தியைத் திறத்தல், அடங்கிய மணியோசையை மீட்டல், 112 என்னும் எண்ணைக் கண் மூடி விசைப் பலகையிற் காட்டுதல், இரகசிய எண் கேட்போருக்கு மறுப்புக் கூறுதல் ஆகிய ஐந்தும் செய்யவல்லாராயின், பயிற்சி நிறைவுற்றதெனக் கொள்ளலாம். ஏனையவற்றை அவர் தாமே பழகிக்கொள்வார்.